ஆடிட்டருக்குக் கூலி தருவது யார்?

சத்யம் கம்பெனியின் பாங்க் இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் வெறும் ஏட்டுக் கணக்கு என்று 2009 ஜனவரி 7-ல் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதி ஒப்புக்கொண்டார். கணக்கைத் தணிக்கை செய்தது சாமான்ய நிறுவனமல்ல, பிரைஸ் வாட்டர்ஹவுஸ். இருப்பு உண்டா என்று பாங்குக்கு நேரே எழுதி, பதிலையும் நேரே பெறுவது தணிக்கையின் அரிச்சுவடி. அந்தக் கடிதப் போக்குவரத்தையே கம்பெனி நிர்வாகத்தின் கையில் விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-ல் கண்டு, 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

ஆகவே பெரிய பெயருக்குப் பெரிய தொகை கொடுத்தால் நல்ல தணிக்கை கிடைத்துவிடும் என்பதற்கில்லை. குறைந்த தொகையின் கதையோ வேறு. கிளைகள் பல, கணக்கு சிக்கல் என்றால் வேலை நாள் கூடும். கட்டணமும் கூட வேண்டும். போட்டியில் பாதித் தொகைக்கு ஒப்புக்கொண்டவர் என்ன செய்வார்? அனுபவஸ்தர் போக வேண்டிய இடத்துக்கு, பயிற்சியிலிருக்கும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளை அனுப்புவார். நூறு வவுச்சர் பார்க்க வேண்டிய இடத்தில் இருபது புரளும். அவர்களுக்கு ஃபைல் எடுத்துக் கொடுத்துப் பழகிய நம் குமாஸ்தா அன்பர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

கோளாறின் வேர், சோதிக்கப்படுகிறவரே சோதிப்பவருக்குச் சம்பளம் தருவதில் இருக்கிறது. பங்குதாரர் கூட்டம் நியமிப்பதாகச் சட்டம் சொன்னாலும், பெயரைக் கொண்டுவருவது நிர்வாகம்தான். கடிந்து எழுதினால் அடுத்த முறை வேறு ஆடிட்டர். லிஸ்டட் கம்பெனிகளில் ஒரே ஆடிட்டர் நிறுவனம் பத்தாண்டுக்கு மேல் தொடரக் கூடாது என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுத்தது நன்று. அரசுக் கம்பெனிகளுக்கு மத்திய தணிக்கைத் தலைவரே ஆடிட்டரை நியமிக்கிறார். அது அதனினும் நன்று.

மும்பையில் பி.எம்.சி. கூட்டுறவு பாங்க் 2019 செப்டம்பரில் முடக்கப்பட்டபோது, டெபாசிட்தாரர் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய். ஒரே கட்டடக் குழுமத்துக்குப் போன கடனை 21,000-க்கு மேற்பட்ட போலிக் கணக்குகளில் மறைத்ததாகப் புகார் பதிவாயிற்று. ஆண்டுதோறும் தணிக்கை நடந்த பாங்க்தான் அது. 2021 முதல் நகரக் கூட்டுறவு பாங்குகளும் ரிசர்வ் பாங்கின் முன் அனுமதி பெற்றே ஆடிட்டரை நியமிக்க வேண்டும். ஆனால் கட்டணம் இன்றும் அந்த பாங்கின் கல்லாவிலிருந்தே போகிறது. அதை ரிசர்வ் பாங்கே வசூலித்துக் கொடுத்தால் என்ன?

பி.எம்.சி. 2022 ஜனவரியில் யூனிட்டி பாங்குடன் இணைந்தது. 5 லட்சத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மீதிப் பணம் பத்தாண்டு வரை தவணையில் என்று ஏற்பாடு.