கௌரவம் சோறு போடுமா?

கண்ணமங்கலத்தில் குடியிருந்து, தினமும் பஸ் பிடித்து அரசுக் கல்லூரிக்குப் போகிறார் ஒரு புது சமூகவியல் பேராசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் மார்க்ஸ், உழைப்புச் சுரண்டல். உதாரணத்துக்கு எங்கும் போகவேண்டாம், அவர் சம்பளமே போதும்!

பதவியின் பெயர் 'கௌரவ விரிவுரையாளர்'. 2019ல் யுஜிசி சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000. தமிழக அரசு 2023ல் உயர்த்திய பிறகும் கிடைத்தது 25,000. அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் வீட்டுக்காரர் வாடகை கேட்கமாட்டாரா? பால்காரர் சும்மா ஊற்றுவாரா?

'நிதி இல்லை' என்பார்கள். நிரந்தரப் பேராசிரியர் நடத்தும் அதே பாடத்தைத்தானே இவரும் நடத்துகிறார்? கௌரவத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சாமி... யுஜிசி சொன்ன தொகையை 12 மாதமும் கொடுங்கள்!