திருடன் யார்? டொரோரோவும் ஹியாக்கிமாருவும் நம்மிடம் கேட்கும் கேள்வி



மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறோம். முதல் ஆள், தனக்குப் பிறந்த பச்சைக் குழந்தையின் கையையும் காலையும் கண்ணையும் காதையும் பேய்களுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் செழிப்பான நாட்டை வாங்கிக்கொண்டவன். இரண்டாவது ஆள், பறிபோன தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் போராடி மீட்டவன். மூன்றாவது ஒரு சிறு பிள்ளை. பசித்தபோது கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு ஓடியது. முதல் ஆளை ‘நாட்டைக் காத்த தலைவன்’ என்று ஊர் கும்பிட்டது. இரண்டாவது ஆளைப் ‘பேய்’ என்றது. மூன்றாவதைத் ‘திருடன்’ என்று பிடித்து அடித்தது.

‘டொரோரோ’ என்கிற ஜப்பானிய அனிமேயின் கதை இதுதான். ஒசாமு தெசுகா 1967இல் மாங்காவாக வரையத் தொடங்கினார். 1969இல் கறுப்பு வெள்ளையில் 26 எபிசோடுகளாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. ஐம்பது ஆண்டு கழித்து, 2019இல், கசுஹிரோ ஃபுருஹாஷி இயக்கத்தில் 24 எபிசோடுகளாக மீண்டும் எடுத்தார்கள். நாம் பேசப்போவது இந்த 2019 தொடரைப் பற்றி. முடிவையும் சேர்த்துத்தான் பேசப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தாலும் சரி.

களத்தில் இத்தனை வேலை கிடக்கும்போது கார்ட்டூன் பற்றி எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நம் விடுதிகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் மாணவர்கள் கைப்பேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நம் பிள்ளைகள் பார்ப்பதை நாமும் பார்ப்போம். அதில் நமக்கு என்ன இருக்கிறது என்று சேர்ந்து பேசுவோம்.

கதை நடப்பது உள்நாட்டுப் போர்களால் ஜப்பான் சிதறிக் கிடந்த காலம். டைகோ ககேமிட்சு ஒரு நிலப்பிரபு. அவன் நாட்டில் பஞ்சம், கொள்ளைநோய். 12 பேய்களிடம் போய் ஓர் ஒப்பந்தம் போடுகிறான். என் நாட்டைச் செழிக்க வையுங்கள், என்னிடம் இருப்பதில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். பேய்கள் அவனிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. அந்நேரம் பிறந்த அவன் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொண்டன. தோல்கூட இல்லாமல் கிடந்த அந்தச் சதைப் பிண்டத்தைக் கொன்றுவிடச் சொல்கிறான் டைகோ. மருத்துவச்சிக்கு மனம் வரவில்லை. ஒரு படகில் வைத்து ஆற்றில் விட்டுவிடுகிறாள். ஜுகாய் என்கிற வைத்தியர் அந்தப் பிள்ளையை எடுத்து, மரத்தில் கை கால் செய்து பொருத்தி வளர்க்கிறார். அவன்தான் ஹியாக்கிமாரு.

பதினாறு வயதில் அவன் பேய்களைத் தேடிப் புறப்படுகிறான். ஒரு பேயைக் கொன்றால் ஓர் உறுப்பு திரும்ப வரும். வழியில் அவனோடு ஒட்டிக்கொள்கிறது டொரோரோ. தாய் தகப்பன் இல்லாத, திருடிப் பிழைக்கிற, வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. இவனுக்குக் காது கேட்காது, பேச்சு வராது, கண்ணும் தெரியாது. ஒருவன் நிலப்பிரபுவின் வாரிசு. இன்னொன்று சாமுராய்களை எதிர்த்துக் கொள்ளைக்கூட்டம் நடத்திய விவசாயி ஹிபுகுரோவின் பிள்ளை. எந்த வகையிலும் பொருந்தாத ஜோடி. ஆனால் இருவரையும் இணைக்கிற ஒரு கயிறு உண்டு. இருவரிடமிருந்தும் பறித்தவர்கள் ஒரே வர்க்கத்தார்.

‘டொரோரோ’ என்கிற பெயரைக் கவனியுங்கள். ஜப்பானிய மொழியில் ‘டொரொபோ’ என்றால் திருடன். மழலையாய் அதைத் திருத்தமின்றிச் சொன்னால் ‘டொரோரோ’. ஊர் போட்ட வசவே அந்தப் பிள்ளைக்குப் பெயராகிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. நம் தாத்தா பாட்டிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் யார், எப்படிப்பட்ட பெயர்களை வைத்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். டொரோரோ அந்தப் பெயரை மறைக்கவில்லை. ‘நான்தான் பெரிய திருடன்’ என்று மார்தட்டிக்கொள்கிறது. ‘தலித்’ என்கிற சொல்லுக்கும் உடைக்கப்பட்டவர் என்றுதானே பொருள்? அதை நிமிர்ந்து நின்று சொல்லத் தொடங்கிய நாளில்தான் அது நம் சொல்லானது.

இனி கதையின் மையத்துக்கு வருவோம். ஹியாக்கிமாருவுக்கு ஒவ்வோர் உறுப்பாகத் திரும்பி வர வர, டைகோவின் நாட்டில் மழை பொய்க்கிறது, நோய் பரவுகிறது. பதினாறு ஆண்டுச் செழிப்பும் அவன் உடம்பிலிருந்து எடுத்த செழிப்பு. அவன் தன் உடம்பைக் கேட்கும்போது நாடு என்ன சொல்கிறது? ‘ஒருவனுக்காக நாடே அழிய வேண்டுமா?’ தம்பி தஹோமாரு முதலில் இந்த உண்மை தெரிந்து அதிர்ந்துபோகிறான். பிறகு அப்பாவின் பக்கம் போய் நின்றுகொள்கிறான். அவன் கெட்டவனாகக் காட்டப்படவில்லை. மக்கள்மீது உண்மையான அக்கறை கொண்ட நல்ல இளைஞன். அதுதான் நம்மைத் தொந்தரவு செய்கிறது. நல்லவர்கள்தான் இந்த வாதத்தை மிக நேர்த்தியாகச் சொல்கிறார்கள். கடைசியில் அந்த நல்லவனின் நெற்றியில் ஹியாக்கிமாருவின் கண்கள் வந்து பொருந்திவிடுகின்றன. அண்ணனிடம் திருடிய கண்ணாலேயே அண்ணனைக் குறிபார்க்கிறான்.

‘நாட்டின் நலனுக்காக’ என்று யாராவது ஆரம்பித்தால், அந்த நாடு யார் உடம்பின்மேல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இதைப் பேய்க்கதை என்று ஒதுக்க முடியாது. ஜப்பானுக்கும் அதன் சொந்தத் தீண்டாமை உண்டு. செத்த மாட்டை அறுத்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், பிணத்தோடு தொடர்புள்ள வேலை செய்தவர்கள் ‘எத்தா’ என்று இழிவுபடுத்தப்பட்டார்கள். மிகுந்த அழுக்கு என்பது அந்த எழுத்துகளின் பொருள். இன்று புராக்கு மக்கள் என்று அறியப்படுகிறவர்கள் இவர்களின் வழித்தோன்றல்கள். 1871இல் ஜப்பான் அரசு இந்த இழிநிலையைச் சட்டப்படி ஒழித்ததாக அறிவித்தது. அதே ஆண்டில் செத்த மாட்டின்மீது அவர்களுக்கு இருந்த தனி உரிமையும் போயிற்று. வேறு பிழைப்புக்கு வழி செய்யவில்லை. ஆனால் சாமுராய்கள் தங்கள் பரம்பரை மானியத்தை இழந்தபோது, 1876இல் அரசு அவர்களுக்குக் கடன் பத்திரங்களாக ஈடு கொடுத்தது. சலுகையை இழந்தவர்களுக்கு நட்டஈடு. தலைமுறை தலைமுறையாகப் பறிகொடுத்தவர்களுக்கு வெறும் அறிவிப்பு.

அந்த வெறும் அறிவிப்பைக்கூட ஊர் பொறுத்துக்கொள்ளவில்லை. 1873இல் மிமாசகா பகுதியில் புதிய அரசின் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் கலகம் செய்தார்கள். கட்டாய ராணுவ சேவைமீது இருந்த கோபத்தோடு, ‘அவர்களும் நாமும் ஒன்றா’ என்கிற கோபமும் சேர்ந்துகொண்டது. புராக்கு குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள், மனிதர்களைக் கொன்றார்கள். ஒடுக்கப்பட்டவன் தன்னுடையதைத் திரும்பப் பெறுகிற அன்றுதான் ஊருக்குப் பஞ்சம் வந்ததாகத் தோன்றும். டைகோவின் நாட்டில் நடந்தது இதுதான். இட ஒதுக்கீட்டால் திறமை செத்துவிட்டது, வன்கொடுமைச் சட்டத்தால் ஊர் ஒற்றுமை கெட்டுவிட்டது என்று இங்கே சொல்கிறவர்களின் குரலும் இதுதான்.

சட்டத்தை நம்பிக் காத்திருந்து பயனில்லை என்று தெரிந்தபிறகு, 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் புராக்கு மக்கள் கூடி ‘சுய்ஹெய்ஷா’ என்கிற சமநிலைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்களை இழிவுபடுத்திய அதே ‘எத்தா’ என்கிற சொல்லைப் பெருமையோடு எடுத்துத் தங்கள் அறிக்கையில் வைத்தார்கள். டொரோரோ செய்ததும் அதைத்தான். அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1975இல், புராக்கு ஊர்களின் பட்டியலை அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றுவந்தது வெளியே வந்தது. வேலைக்கு வருகிறவர் எந்த ஊர் என்று பார்த்துத் தள்ளிவிடுவதற்காக. ‘தம்பிக்கு எந்த ஊரு, அதுல எந்தத் தெரு?’ என்கிற கேள்வியின் ஜப்பானிய வடிவம். ‘தொழிலையும் பிறப்பையும் அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு’ என்று ஐ.நா. அவையில் இன்று பேசப்படும் சொல், அவர்களையும் நம்மையும் சேர்த்தே குறிக்கிறது.

தொடரை விமர்சனமில்லாமல் ஏற்கச் சொல்லவில்லை. முதல் கேள்வி: பறிகொடுத்தவன் ஏன் நிலப்பிரபுவின் மகனாக இருக்க வேண்டும்? உயர்குடியில் பிறந்தவனின் துயரம்தான் காவியமாகும் என்கிற பழைய நோய் இது. ஜப்பானிலேயே இதற்கு மாற்று இருந்தது. சன்பெய் ஷிராடோ 1964இல் ‘காரோ’ இதழில் தொடங்கிய ‘கமுய்’ கதையின் நாயகன் தீண்டப்படாதவனாகப் பிறந்தவன். தெசுகா தன் கதைக்கு டொரோரோவின் பெயரை வைத்தார். ஆனால் வாளை ஹியாக்கிமாருவின் கையில் கொடுத்தார்.

இரண்டாவது: பிணத்தைத் தொடுகிற கைகள். ஜுகாய் போர்க்களங்களில் கிடக்கும் பிணங்களுக்குக்கூட மரக்கை, மரக்கால் பொருத்தி அனுப்புகிறார். அன்றைய ஜப்பானில் பிணத்தோடு புழங்கியவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைத் தொடர் தொடவே இல்லை. அவருடைய குற்றவுணர்ச்சியை மட்டும் காட்டி நகர்ந்துவிடுகிறது. அந்த வேலையை விரும்பிச் செய்கிறவருக்கு அது தவம். பிறப்பால் அந்த வேலையில் தள்ளப்பட்டவருக்கு அது என்ன?

மூன்றாவது: டொரோரோ பெண் குழந்தை. பிழைத்திருப்பதற்காக ஆண் பிள்ளையாகவே வளர்கிறாள். அதற்கான காரணத்தை மியோவின் கதை சொல்லிவிடுகிறது. இடிந்த கோயிலில், போரில் கை கால் இழந்த அநாதைப் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றுகிறாள் மியோ. அவர்களுக்குச் சோறு போடச் சிப்பாய்களிடம் உடம்பை விற்கிறாள். இரண்டு படைகளின் முகாமுக்கும் போய்வந்தாள் என்பதால் ஒற்று என்று சொல்லி அவளையும் பிள்ளைகளையும் கொன்றுபோடுகிறார்கள். அவள் வைத்திருந்தது ஒரு சிறு பை விதைநெல். என்றாவது ஒருநாள் சொந்தமாக ஒரு வயல் வேண்டும் என்கிற ஆசை. நிலமில்லாதவர் வீட்டில் பிறந்த நமக்கு அந்தப் பையின் கனம் தெரியும்.

அந்தக் கொலைக்குப் பிறகு ஹியாக்கிமாரு சிப்பாய்களை வெட்டிச் சாய்க்கிறான். அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிறவள் டொரோரோ. இளம் தோழர்கள் இந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். ‘கோபப்படாதே, பொறுமையாக இரு’ என்று நமக்குச் சொல்கிறவர்கள் ஏராளம். டைகோவும்தான் சொல்கிறான். நம் பொறுமையால் ஆதாயம் அடைகிறவருக்கு அதைச் சொல்ல உரிமை கிடையாது. டொரோரோவுக்கு உண்டு. தன் தாய் கலயம் இல்லாமல் கொதிக்கும் கஞ்சியை வெறுங்கையில் ஏந்திவந்து ஊட்டியதைக் கண்டவள் அவள். கூடவே நடந்தவள், கூடவே பட்டினி கிடந்தவள். டைகோவின் நாடு பிழைக்கட்டும் என்று அவள் அவனைத் தடுக்கவில்லை. தன் தோழன் மனிதனாக மிஞ்ச வேண்டும் என்று தடுக்கிறாள். இயக்கத்துக்குள் ஒருவரையொருவர் கண்டிக்கும் உரிமை இப்படித்தான் வருகிறது, கூட நடந்த கால்களிலிருந்து.

கடினமான கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. டைகோ நாட்டின் ஏழை விவசாயிகள் எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு வைக்கவில்லை. பஞ்சம் வந்தால் முதலில் சாவது அவர்கள்தான். அவர்களுக்கு என்ன பதில்? இதை நாம் மழுப்பக் கூடாது. ‘அவர்கள் சாகட்டும்’ என்பது நம் அரசியல் அல்ல. ‘அவர்களுக்காக நீ ஊனமாகவே இரு’ என்பதும் நீதி அல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மை நெருக்குகிறவன் டைகோதான். பேயிடம் போகாமல் பஞ்சத்தைத் தீர்க்க வழியே இல்லை என்று அவன் முடிவு செய்துவிட்டான். ஏனென்றால் மற்ற வழிகளில் அவனுக்கு நாற்காலி இல்லை.

மூன்றாவது வழியைத் தேடியவள் டொரோரோ. அவள் தகப்பன் ஹிபுகுரோ சாமுராய்களிடம் பறித்துச் சேர்த்து மறைத்துவைத்த செல்வம் ஒன்று இருக்கிறது. விவசாயிகள் ஒருநாள் எழுந்து நிற்பதற்காகச் சேர்த்தது. கடைசியில் ஊராரிடம் அவள் பேசுவது அதைப் பற்றித்தான். சாமுராய்களை அண்டாமல் நம் கையில் இருக்கும் பணத்தைக் கொண்டு நாமே ஊரைக் கட்டுவோம் என்கிறாள். ஹியாக்கிமாரு தகப்பனைக் கொல்லாமல் விட்டுவிட்டுத் தனியே நடக்கிறான். உடம்பு திரும்பக் கிடைத்தவன் இனி அதை வைத்து என்ன செய்வது என்று தேடிப் போகிறான். திருடி என்று பெயர் எடுத்தவள் ஊரைக் கட்ட நிற்கிறாள். கதைக்கு அவள் பெயரை வைத்தது சரிதான் என்று அந்த இடத்தில் நமக்குப் படுகிறது.

வாளும் வேண்டும், விதைநெல்லும் வேண்டும். பறிபோனதை மீட்கிற தோழரும் வேண்டும், மீட்டபின் ஊரைக் கட்டுகிற தோழரும் வேண்டும். இந்த இருவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துப் பிரிந்துபோன இயக்கங்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். உங்கள் கல்லூரியில், உங்கள் ஊரில், உங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு தோழர் இருப்பார். அடுத்த கூட்டத்துக்கு அவரோடு சேர்ந்து வாருங்கள்.

நம்முடையதை நாம் திரும்பக் கேட்கும்போது யாராவது ‘திருடன்’ என்றால், கூசாதீர்கள். இவ்வளவு நாள் அது யார் வீட்டில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

ஜெய்பீம்!