உப்புக்கு விலை சொன்னவள்

நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று முப்பது ஆண்டுகளாக மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லி வருகிறேன். பிரிந்தவன் மீளுந்துணையும் கானலிலே நின்று வருந்துபவளே தலைவி என்பது அப்பாடத்தின் சாரம். ஆயின் அதே சங்கச் செய்யுட்களிலே வேறொரு பெண்ணும் வருகிறாள். உமணர் குடிப் பிறந்த அவள் தெருத்தெருவாய் உப்பைக் கூவி விற்கிறாள்; நெல்லுக்கும் உப்புக்கும் அளவு ஒன்றே என்று விலையையுந் தானே சொல்கிறாள். பரதவர் மகளிரோ மணலில் மீனுலர்த்திப் பறவை கடிகின்றனர். இரங்குபவளை விளக்க ஒரு பாடவேளை முழுவதும் செலவிடும் நாம், விலை சொன்னவளை ஒரு வாக்கியத்தோடு அனுப்பிவிடுகிறோம். நானும் அவ்வாறு கற்பித்தவனே.

இந்நினைவு எழுந்தது புத்தளக் களப்பின் கரையிலே. கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரை இக்கரையை நடந்து பார்ப்போர் உமணப்பெண்ணின் வழியினரை இன்றும் காண்பர். வலை கரையேறியபின் நெத்தலியையும் சாளையையும் தெரிபவர், கீறிக் குடல் களைபவர், உப்பிட்டுப் பாயில் விரித்து வெயிலுக்கேற்பப் புரட்டுபவர் பெரும்பாலும் பெண்களே. பண்டைப் பெண்ணுக்கு இருந்து இவர்களுக்கு இல்லாதது ஒன்றுதான்: விலை சொல்லும் வாய். விலை வாகனத்தோடு வருகிற வியாபாரியின் வாயில் இருக்கிறது. பணம் வீட்டு ஆடவரின் கைக்குப் போகிறது. படகும் வலையும் உடையவரே தொழிலாளர் என்னும் எண்ணத்தால் மீனவர் சங்கங்களின் அங்கத்துவமும் பெரும்பாலும் ஆண்கள் பெயரிலேயே பதிகிறது. கணக்கெடுக்க வருபவர் “நீர் என்ன தொழில்?” என்று வினவினால், விடியுமுன் எழுந்து கருவாடு புரட்டியவளே “நான் வீட்டில் சும்மா இருக்கிறேன்” என்கிறாள். இந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே தொழிற்படையினர் என்று புள்ளிவிவரங் கூறுவதைப் படிக்குந்தோறும் எனக்கு அந்தச் ‘சும்மா’ என்னுஞ் சொல்லே நினைவில் உறுத்துகிறது.

இம்மாவட்டத்திலே நிகழ்ந்த ஒரு முயற்சியை இங்கே குறிப்பிடல் வேண்டும். 1980களில் இக்கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. அவற்றுக்காகக் கண்டற் காடுகள் வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவ, பண்ணைகள் பல பாழ்பட்டன. ஈட்டியவர் போயினர், உப்புநீர்க் குழிகள் எஞ்சின. காடழிந்ததால் மீன்குஞ்சுக்கு இடமில்லை. மீன் குறைந்ததால் அடுப்புக்கும் வேலையில்லை. இந்நிலையில், சிலாபத்தைச் சார்ந்த சுதீச நிறுவனமும் சீக்கோலஜி என்னும் அமெரிக்க அமைப்பும் அரசும் கூடி, இலங்கையின் கண்டற் காடுகள் அனைத்தையும் காக்குந் திட்டமொன்றை 2015இல் அறிவித்தன. 1,500 கரையோரச் சமூகங்களைச் சேர்ந்த 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் அளிப்பது, அதற்கு ஈடாக அச்சமூகங்கள் தத்தம் கண்டலைக் காப்பது என்பது ஏற்பாடு. 2016இல் சிலாபத்தை அடுத்த பம்பலையிலே கண்டலுக்கென ஓர் அரும்பொருட்காட்சியகமும் திறக்கப்பட்டது.

நிலமோ நகையோ ஈடு கேளாமல், காடு காப்பதையே ஈடாகக் கொண்டு ஏழைப் பெண்ணின் பெயரில் கடன் எழுதலாம் என்று கண்ட நுட்பம் போற்றத்தக்கது. ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. கடன் என்பது கடனே. பெண்ணின் முன்னேற்றம் என்று பெயர் சூட்டிய நுண்கடன் வேறிடங்களில் எப்படிக் கழுத்தை நெரித்தது என்பதற்குச் சான்று உண்டு. வறட்சி தாக்கிய 12 மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளிவிட 2018இல் அரசே முன்வர நேர்ந்தது. திருப்பிச் செலுத்தும் பொறுப்பைப் பெண்ணுக்குக் கொடுத்து, விலையும் வரவும் தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பிறரிடம் விட்டுவைத்தால் அதனைச் சமத்துவம் என்பது எங்ஙனம்?

அதிகாரம் என்றதும் சட்டசபையை நினைக்கிறோம். 1931இலேயே இந்நாட்டுப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமரும் இங்கேதான் தோன்றினார். அத்தனைக்குப் பின்னும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இருவர்தானும் இல்லை. நாலிலொரு பங்கு ஒதுக்கிச் சட்டஞ் செய்து, 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் அதனை நடைமுறைப்படுத்திய பின்னரே அந்நிலை மாறிற்று. உச்சியில் ஒருத்தியை அமர்த்துதல் எளிது. ஊர்ச்சங்கத்து நாற்காலியை விட்டுக்கொடுப்பதே ஆடவர்க்கு அரிதாயிருக்கிறது. இதைப் பிறர்மேற் சாட்டி நான் தப்ப இயலாது.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, கற்பிட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான்காண்டுகளாக ஒரு சங்கத்தின் கணக்கை எழுதிவருகிறாள். வயது இருபத்தைந்து. சதம் பிசகாத கணக்கு. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவள் பெயரைப் பொருளாளர் பதவிக்குச் சிலர் சொன்னார்கள். “வங்கிக்கும் கந்தோருக்கும் அலைய வேண்டிய வேலை, குமர்ப்பிள்ளைக்கு ஏன்?” என்றார் பெரியவர் ஒருவர். சபை என்னைப் பார்த்தது. விருந்தினனாக முன்வரிசையில் அமர்ந்திருந்த நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன், ஒன்றும் பேசவில்லை. அவளுடைய தமையன் பொருளாளரானான். இன்றும் கணக்கு எழுதுபவள் அவளே, கையொப்பம் அவனுடையது.

அண்மையில் அவளைச் சந்தித்தபோது, வெட்கத்தோடு அதைப் பற்றிக் கேட்டேன். “அது போகட்டும் ஐயா” என்றாள். பிறகு வேறொன்று சொன்னாள். கருவாடு காயவைக்கும் பெண்கள் பதினெண்மரும் வெளியே நிறுக்காமல் சங்கத்துத் தராசிலேயே நிறுத்து, ஒரே விலை கேட்பதென்று தீர்மானித்திருக்கிறார்களாம். தராசுக் கொட்டிலின் திறப்பு தமையனிடம் இருக்கிறது. தீர்மானம் நிறைவேறவேண்டுமாயின் பெண்களும் அங்கத்தவராதல் வேண்டும். விண்ணப்பங்களை அவளே எழுதிவிட்டாள். ஒவ்வொன்றிலும் அறிமுகஞ் செய்பவர் என ஓர் இடம் வெறுமையாய் இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினாள்.

பதினெட்டிலும் ஒப்பமிட்டேன். பொதுக்கூட்டம் வருகிற மாதம். இம்முறை முன்வரிசையில் இருக்கப்போவதில்லை. பெண்கள் பாய் விரித்திருக்கும் பக்கத்தில் இடங் கேட்டிருக்கிறேன்.