பல் போன மொபெட்டுக்கு பல் கட்டுவது யார்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோழி கூவுமுன்னே மொபெட் கூவி விடும்!

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீன் கூடை அறந்தாங்கிக்கு வந்தாகணும். கீரமங்கலம் பூ மூட்டை வாடுமுன் மார்க்கெட்டுக்குப் போயாகணும். இந்தச் சுமையை எல்லாம் பல ஆண்டுகளாக முதுகில் தூக்கியது மொபெட் தான்.

முதலில் வந்தது திருப்பதியில் தயாரான சுவேகா. 1972-ல் லூனா வந்தது. 1980-ல் ஓசூரில் இருந்து, 2 பேர் போகும் டி.வி.எஸ்.50 வந்தது. சுவேகா கம்பெனி மூடப்பட்டு விட்டது. பெட்ரோல் லூனா நின்று விட்டது. 2024-ல் வந்த இ-லூனா மின்சார வண்டி. பழைய லூனாவின் பல்சக்கரத்துக்கு அதில் பதில் இல்லை.

"சாமான் வரலண்ணே"

என்ஜின் ஓடினால் மட்டும் வண்டி ஓடி விடுமா? என்ஜின் சக்தியை பின் சக்கரத்துக்கு கொண்டு போக கிளட்ச், பல்சக்கரம், செயின் வேண்டும். சுவேகாவுக்கு பெல்ட்டும் வேண்டும். தேய்வது இவை தான். கேட்டால், "சாமான் வரலண்ணே, காயலான் கடையில பாருங்க" என்று மெக்கானிக் கையை விரிக்கிறார்.

காயலான் கடையில் கிடைப்பதும் தேய்ந்தது தான். கிழவனுக்கு கிழவன் பல் கடன் கொடுத்த கதை!

வழி இல்லாமல் இல்லை. செயின் பெரிய தலைவலி அல்ல. அது கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரத்தையும், அகலத்தையும் வைத்து விற்கப்படுவது. அளந்து வாங்கலாம். கிளட்ச் ஷூவுக்கு புது லைனிங் ஒட்டலாம். ஆனால், ஸ்பிரிங் சரியான விறைப்பில் இருக்கணும். தளர்ந்தால், வண்டி நிற்கும்போதே கிளட்ச் பிடித்து இழுக்கும்.

சிக்கல் பல்சக்கரத்தில் தான். லேத்து பட்டறையில் இரும்பைக் கடைந்து, மில்லிங் மிஷினில் பல் வெட்டலாம். வெட்டினால் மட்டும் போதாது. அரிவாளுக்கு துவைச்சல் போடுவது போல, பல்லுக்கும் பதம் ஏற்றணும். அதை விட்டு விட்டால் பல் சீக்கிரம் மழுங்கும். செயின் நழுவும். ஓட்டத்தில் செயின் சிக்கி பின் சக்கரம் இறுகினால், ஆளே கீழே! இது காசு விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

கட்டணம் மட்டும் ஏறுது

15 ஆண்டு முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு ரூ.300 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.1,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் ரூ.2 ஆயிரம் ஆக்கினார்கள்.

50 ஆண்டு தாண்டிய வண்டிகளை பாரம்பரிய வண்டியாக பதிய 2021-ல் விதி வந்தது. வண்டி பழைய உருவம் மாறாமல் இருக்கணுமாம். கட்டணம் ரூ.20 ஆயிரம்! அன்றாடம் ஓட்டவும் முடியாது. இது ஆசைக்கு வைத்திருப்பவருக்கான சட்டம். மீன்காரருக்கு ஆகாது.

"புகை கக்கும் பழசை ஒழிக்க வேண்டியது தானே?" என்று கேட்கலாம். நியாயம் தான். டூ-ஸ்ட்ரோக் வண்டி புகை விடும். ஆனால், புது வண்டிக்கு தவணை கட்ட முடியாதவர் நாளைக்கு எதில் போவார்?

என்ன செய்யலாம்?

இந்த மாவட்டம் சக்கரத்தின் அருமை தெரிந்த மாவட்டம். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

ஐ.டி.ஐ. மாணவர்கள் கடைசல் பழக இரும்பை வீணாக்குவதற்கு பதில், பழைய பல்சக்கரத்தை அளந்து படம் வரையலாம். ஒன்று செய்தால் விலை கூடும். 20 பேர் சேர்ந்து 20 செய்தால் கட்டுப்படியாகும். தயாரிப்பை நிறுத்திய கம்பெனிகள், பூட்டி வைத்த வரைபடங்களைக் கொடுத்தால் புண்ணியம்.

கட்டணம் வாங்கும் அரசு, பல் கட்டவும் வழி காட்டட்டும். பல் இருந்தால் தான் வண்டி ஓடும். வண்டி ஓடினால் தான் வீட்டில் உலை கொதிக்கும்!