எவர் வீட்டு 76 கிலோ?

இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றுக்குத் தம் வீட்டில் 76 கிலோ உணவை வீணாக்குகின்றார் என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2021இல் மதிப்பிட்டது. இவ்வெண்ணைப் பிரம்பாக ஏந்தி இல்லத்தரசியருக்கு அறிவுரை பகர்வோர் அதன் வரைவிலக்கணத்தைப் படிப்பதில்லை. மீன்முள்ளும் இறாலோடும் வாழைப்பழத்தோலும் அந்நிறையில் அடங்கும். ஆட்டுக்கும் கோழிக்கும் இட்ட சோறு அடங்காது!

கல்முனைக் கரையோரத்துக்கு இஃது எவ்வாறு பொருந்தும்? சாய்ந்தமருதில் முழுமீனை வாங்கி வீட்டிலேயே அரிபவளின் வாளி கனக்கும். துண்டுமீன் வாங்குபவளின் வாளி கனக்காது. அவள் வாங்கிய மீனின் தலையும் குடலும் சந்தைக் கணக்கிற் சேர்ந்துவிடும். சிக்கனக்காரியே ஊதாரியாகின்றாள்.

அளவீடே வேண்டா என்பதன்று எம் வாதம். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் இரைதேடிப் பொலித்தீனை விழுங்கிய யானைகளுள் எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 மாண்டதாக 2022இல் செய்தி வெளிவந்தது. எச்சிலின் வாசனையே அவற்றை அங்கு ஈர்த்தது. ஆகவே நிறுக்கத்தான் வேண்டும். ஆனால் எம்முறைப்படி நிறுக்கவேண்டும். உண்ணத்தக்கது ஒரு வாளியில், தகாதது மறுவாளியில், கால்நடைக்குப் போனது தனிக்கணக்கில். நோன்பு மாதம் வேறாக, கலியாண வீடு வேறாக. பலர் சூழ்ந்துண்ணும் சஹனில் மிஞ்சியதைத் தலைக்கு இவ்வளவு என எவ்வாறு பிரிப்பது? அங்கே சஹனையே அலகாகக் கொள்க. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தராசுகள் சிலவும், கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் கதவு திறக்கும் வீடுகள் சிலவும், ஓராண்டு உழைப்பும் போதும்.