ஜெனரேட்டர் வாங்கும் சங்கங்களுக்கு

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஜெனரேட்டர் கொண்டு தண்ணீர் ஏற்றினார்கள். அத்தகைய யந்திரம் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கவேண்டுமென அங்கத்தினர்கள் விரும்புவது இயல்பே, நாமும் ஆதரிக்கிறோம். ஆயினும் கிலோவாட்டையும் விலையையும் மட்டும் விசாரித்து வாங்கிவிடுவது தகாது என்பது நமது அபிப்பிராயம்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 ஸைக்கிள். இன்று ஹெர்ட்ஸ் என்பர். மின்வாரியக் கம்பியில் இது 49.90-க்கும் 50.05-க்கும் இடையே நிற்கவேண்டும் என்பது விதி. கையடக்க ஜெனரேட்டரிலோ ஒரே சிறு என்ஜின், பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழன்றால்தான் 50 ஸைக்கிள் தரும். பளு ஏறியதும் சுற்றுக் குறையும். கவர்னர் அதனைச் சரிக்கட்ட வேண்டும். கவர்னர் தளர்ந்து 47-க்கு இறங்கிற்றாயின், நிமிடத்துக்கு 120 ஊடை போடும் விசைத்தறி ஏறக்குறைய 113 தான் போடும். பம்பு நீரை உந்தும் உயரமும் நூற்றுக்கு 12 குறையும். ஆழக்கிணறானால் குழாயில் நீரே வராமற் போகலாம். இன்வெர்ட்டர் வகையில் இக்குறை இல்லை, விலைதான் அதிகம்.

எர்த்து விஷயம் இதனினும் பெரிது. தறி மெதுவாக ஓடினால் கூலி குறையும். எர்த்தில் பிழை நேர்ந்தால் உயிரே போகும். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கம்பி யந்திரத்தின் சட்டத்தோடு இணைக்கப்பட்டிராது. அப்படியே தறிக்கூடத்து வயரிங்கில் கோத்தால், கசியும் மின்சாரம் திரும்பிவர வழியில்லாமையால் மின்கசிவுத் துண்டிப்பான் வாளாவிருக்கும். முதற் பழுது வெளியே தெரியாது. இரண்டாவது பழுது நேரும்போது மோட்டாரில் கை வைத்திருப்பவர் யாரோ! மண்ணில் ஒரு கம்பியை அடித்துவிட்டால் போதும் என்பாரும் உளர். போதாது. நியூட்ரலும் சட்டமும் ஓரிடத்தில் பிணைக்கப்பட்டு, அச்சட்டமும் தறிகளின் இரும்பும் ஒரே எர்த்தோடு சேரவேண்டும். இது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே ஸைக்கிள் மீட்டர், எர்த்துக் கம்பி, சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஸ்விட்ச் இல்லாவிடில் நமது மின்சாரம் தெருக்கம்பியில் ஏறி, அங்கே பழுது பார்க்கும் ஊழியரைத் தாக்கும். யந்திரத்தைப் பளு ஏற்றிய நிலையில் ஓட்டி, மீட்டரைப் பார்த்தபின் பணம் கொடுங்கள். வாடகைக்கு எடுத்துச்செல்லும் அங்கத்தினர் எர்த்து இணைப்பைக் காட்டிய பின்பே சாவி பெறவேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். வீண் தாமதம் என்று சிலர் முணுமுணுப்பர், முணுமுணுக்கட்டும்.