வடிவமைப்போர் நிரல் எழுதல் வேண்டுமோ?

கணினியிலும் கைப்பேசியிலும் எதனை எங்கே வைப்பது, எதனைத் தொட்டால் யாது நிகழ்வது என்று வகுப்போரை இடைவினை வடிவமைப்பாளர் என்பர். அன்னோர் தம் வடிவமைப்பை இயக்கும் நிரலையும் தாமே எழுதல் வேண்டுமோ? வேண்டும் என்பர் ஒருசாரார்; வேண்டியதில்லை என்பர் மற்றொருசாரார். நம் கலைப்பிரிவு மாணவர்க்கு இத்துறையின் வாயில் திறக்குமா அடைபடுமா என்பது இவ்வினாவின் விடையிலே தங்கியுள்ளது. ஆதலின் நமது கருத்தை ஈண்டுக் கூறுகின்றோம்.

1984ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்ரொஷ் கணினியில் இருசாரார்க்கும் சான்று உண்டு. அதன் படம் வரையும் மென்பொருளைப் பில் அற்கின்சன் தாமே வடிவமைத்துத் தாமே நிரலும் எழுதினார். அதன் சின்னங்களை வரைந்த சூசன் கேர் அம்மையாரோ கலைவரலாறு கற்றவர், நிரலாளர் அல்லர். ஆயினும், ஒரு சின்னத்துக்குக் கிடைப்பன நெடுக்கில் 32, குறுக்கில் 32 ஆக 1,024 புள்ளிகளே என்பதனை அறிந்து, கட்டத்தாளிற் கட்டம் கட்டமாக நிரப்பி வரைந்து பார்த்தார். நிரல் எழுதாதவராயினும் கணினியின் எல்லையை அறிந்தே அவர் பணியாற்றினார்.

அவ்வறிவு இல்லாவிடின் நேர்வது யாது? நம் மொழியிலேயே காண்போம். 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லில் எழுத்துக்கள் ஆறு. யுனிக்கோட் முறையிலோ புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு உண்மையால், அச்சொல் கணினியினுள்ளே 11 குறியீடுகளாக நிற்கும். ஊர்ப் பெயருக்குப் பத்தெழுத்துப் போதும் என்று வடிவமைப்பாளர் வகுக்க, அதனைப் பத்துக் குறியீடு என நிரலாளர் கொண்டால், ஈற்றுப் புள்ளி வெட்டுண்டு 'யாழ்ப்பாணம' என்றே பதிவாகும். இப்பிழையைத் தடுக்க வடிவமைப்பாளர் நிரல் எழுத வேண்டுவதில்லை. எழுத்து உள்ளே எவ்வாறு நிற்கின்றது என்பதனை அறிந்து, நிரலாளரிடம் உரிய வினாவை வினவினாற் போதும்.

நிரல் எழுத வல்லவர் தம் எண்ணத்தை விரைவிற் செய்து பார்க்கலாம் என்பது மெய்யே. சிறு நிறுவனங்களில் ஒருவரே இருபணியும் ஆற்ற நேர்தலும் உண்டு. ஆயினும், அது மேலதிகத் தகைமையேயன்றி நுழைவுக்குரிய நிபந்தனை ஆதல் கூடாது. பிறர் எங்கே தடுமாறுவர் என உணர்தலும், மயக்கமின்றிச் சொல்லுதலுமே இப்பணிக்கு முதல் வேண்டுவன. இவை கலைப்பிரிவிலும் வளரக்கூடியன.

ஆதலின், மாணவர் நிரலை வாசித்து விளங்கும் அளவுக்கேனும் பயிலுக. மென்பொருள் நிறுவனங்களில் ஆட்களைத் தெரிவுசெய்யும் நிலையிலுள்ள பழைய மாணவர், நிரல் எழுதத் தெரியாமை ஒன்றையே காரணமாகக் காட்டி எவரையும் திருப்பி அனுப்பாதிருக்குமாறு வேண்டுகின்றோம்.